டிராகன் காதலின் இரண்டாம் பாகம்: படித்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது?

அஸ்தம்பட்டி வாசகி

டிராகனாக உருமாறும் பையன், அவனை நேசிக்கும் பெண். நம்மில் பாதிப்பேர் அந்தத் தொடரின் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டோம். கதை எப்படி என்பதை அப்புறம் பேசலாம். படித்தபோது உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். முதலில் நானே தொடங்குகிறேன்.

போன கார்த்திகையில் ஏற்காட்டில் இருக்கும் சித்தி வீட்டுக்கு பஸ்ஸில் போனேன். அடிவாரம் தாண்டியதும் புத்தகத்தைத் திறந்துவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் படிக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் முதல் பாகம் முடிந்ததிலிருந்து 14 மாதம் காத்திருந்தவள் நான். ஏழாவது வளைவில் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த அக்கா மடியில் வைத்திருந்த பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி என் மூக்கருகே நீட்டினார். "மலை ஏறும்போது யாராவது படிப்பாங்களா கண்ணு?"

அட்டையில் செதில் படர்ந்த ஒரு கை இருக்கும் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, உடும்பா?" என்றார். டிராகன் என்றேன். சிறகு முளைத்த பெரிய நாகம் மாதிரி, ஆனால் அவன் ஒரு பையன்தான் என்று சொல்லி, எட்டாவது வளைவிலிருந்து பதினேழாவது வரை முழுக்கதையையும் சொன்னேன். பனி ஜன்னலுக்குள் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்படி மாறும்போது அவனுக்கு வலிக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முதல் பாகத்தில் அவன் மாறும் காட்சிகள் எல்லாம் அழகு. பொன்னிற வெளிச்சம், விரியும் சிறகு, அவள் வியந்து நிற்பது. வலியைப் பற்றி ஒரு வரி கிடையாது. மூன்று முறை படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று ராத்திரி சித்தி வீட்டில் கம்பளிக்குள் புகுந்துகொண்டு ஒன்பதாவது அத்தியாயத்துக்கு வந்தேன். குதிரைக் கொட்டிலில் அவன் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் மாறுவதை அவள் முதல் முறையாகப் பார்க்கிறாள். முதல் பாகம் முழுக்க அவளிடம் மறைத்திருக்கிறான். புத்தகத்தை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தேன்.

பல தொடர்களில் இரண்டாம் பாகம் மூன்றாவதுக்குப் போகும் பாலம்தான். ஒரு போர் வரும், இன்னொரு பையன் வந்து இவர்களைப் பிரிப்பான். இதிலும் அந்த இன்னொரு பையன் இருக்கிறான். அவன் இல்லாமலே கதை நின்றிருக்கும். இதைத் தாங்குவது அந்தக் கொட்டில் காட்சிதான்.

தாரமங்கலத்திலிருந்து

எனக்கு ஆரம்பத்தில் இந்தப் பாகம் ஒட்டவில்லை. முதல் பாகத்தில் அவள் மட்டும்தான் பேசினாள். இதில் ஓர் அத்தியாயம் அவள், ஓர் அத்தியாயம் அவன். பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர் கைலாசநாதர் கோவிலில் ஒரு தூணில் வில்லோடு ராமன் நிற்கிறான், இன்னொரு தூணில் வாலி. ராமன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கம் போய் நின்றால் ராமன் தெரியமாட்டான். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இதைக் காட்டாமல் அனுப்ப மாட்டோம். பொங்கலுக்கு வந்த மாமா பையனை வாலி பக்கம் நிறுத்திவிட்டு, நான் ராமன் பக்கம் நின்று, "தெரியுதா?" என்று கத்தினேன். "தெரியல" என்றான். எனக்கு அவன் நன்றாகத் தெரிந்தான். முதல் பாகம் முழுக்க அவள் நின்றது வாலி பக்கத்தில்தானே என்று அப்போதுதான் உறைத்தது. அவளை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான், அவளுக்கு அவனைத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மீதியை ஒரே மூச்சில் முடித்தேன்.

அதே கோவிலில் வாயில் கல் உருண்டை வைத்த சிங்கம் ஒன்று உண்டு. உருண்டை உள்ளே உருளும், வெளியே வராது. டிராகனின் தொண்டையில் இருக்கும் நெருப்புக்கல்லை அவள் தொடும் காட்சி வந்தபோது, என் விரல்நுனியில் அந்தக் கல்லின் குளிர்ச்சி இருந்தது.

ஏற்காடு, காப்பித் தோட்டத்திலிருந்து

இது என் மகள் படித்த புத்தகம். அவளுக்கு 16 வயது. நாலு அத்தியாயம் அவன் அவளை ஒதுக்குகிறான் என்று கோபப்பட்டுப் புத்தகத்தைக் கட்டிலில் வீசினாள். என்னதான் இருக்கிறது என்று நான் எடுத்துப் படித்தேன்.

அவன் மாறுவதற்கு முன் கண் மங்குகிறது, இருட்டில் ஒதுங்குகிறான், கிட்டே வந்தால் சீறுகிறான் என்று வருகிறதே, அதை எழுதியவர் சும்மா எழுதவில்லை. பாம்பு சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்னால் அதன் கண் பால் கலந்த நீலமாகிவிடும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் கோத்துக்கொள்வதால் அந்த நாட்களில் அதற்குப் பார்வை சரியாக இருக்காது. எங்காவது ஒளிந்து கிடக்கும். தொந்தரவு செய்தால் பயத்தில் சீறும். கண் தெளிந்த பிறகுதான் மூக்கைக் கல்லில் தேய்த்துச் சட்டையைக் கழற்றும்.

மறுவாரம் மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் சாரைப்பாம்பின் சட்டை கிடந்தது. கிழியாமல் எடுத்துவந்து மகளிடம் காட்டினேன். கண் இருந்த இடத்தில்கூட கண்ணாடிச் சில் மாதிரி மெல்லிய மூடி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "அப்போ அவன் அவளை வெறுக்கலையாப்பா? அவனுக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள். அந்த நாலு அத்தியாயத்தையும் அன்றைக்கே மறுபடி படித்தாள்.

செவ்வாய்ப்பேட்டை

நான் முதல் பாகம் படிக்கவில்லை. அக்கா வாங்கி வைத்திருந்த இரண்டாம் பாகத்தை எடுத்து நேராகத் தொடங்கினேன். பறக்கும் காட்சிகளுக்காகத்தான் எடுத்தேன். மழையில் சிறகு நனைந்து கனத்து, அவளையும் சுமந்துகொண்டு அவன் தாழப் பறக்கும் இடம் ஒன்று போதும்.

தமிழாசிரியை, சேலம்

மணிமேகலையில் நாகநாட்டு இளவரசி பீலிவளை, புகாரின் கடற்கரைச் சோலையில் சோழ மன்னனோடு ஒரு மாதம் வாழ்ந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்துபோகிறாள். பிறகு பிள்ளையை மட்டும் கம்பளச்செட்டியின் கப்பலில் அனுப்புகிறாள். கப்பல் உடைகிறது. மகனைத் தேடிய துயரத்தில் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. பிளஸ் டூ வகுப்பில் இதைச் சொன்ன மறுநாள், ஒரு மாணவி இந்தப் புத்தகத்தை என் மேசையில் வைத்து, "மிஸ், இதுல அவன் சொல்லிட்டுத்தான் போறான்" என்றாள்.

கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். ஆமாம், சொல்லிவிட்டுத்தான் போகிறான். எங்கே போகிறான், எத்தனை நாள், எதற்காக, எல்லாவற்றையும். பீலிவளை அப்படிச் சொல்லியிருந்தால் என்று இத்தனை வருடம் பாடம் நடத்தியும் நான் நினைத்ததில்லை. அந்த மாணவிக்கு நன்றி சொன்னேன்.

அஸ்தம்பட்டி வாசகி

எல்லோருக்கும் நன்றி. தோட்டத்து ஐயா, அந்தச் சட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை மலைக்கு வரும்போது பார்க்க ஆசை.

எலுமிச்சம்பழம் கொடுத்த அக்கா ஒண்டிக்கடையில் இறங்கிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. தை மாதம் அதே நேரத்து பஸ்ஸில் மறுபடி போனேன், அவர் இல்லை. ஏற்காட்டுக்காரர்கள் யாராவது அவரைப் பார்த்தால், டிராகன் கதை சொன்ன பெண் பதில் சொல்லச் சொன்னாள் என்று சொல்லுங்கள். வலிக்கும். இப்போது அது அவளுக்கும் தெரியும்.