அளவு சரி, ஆள் சரியில்லை

குழு: வேரும் விழுதும்

ஞாயிறு

மீனா, காலை 9:14
நேற்று தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டிஎஸ்எச் 2.1, ஃப்ரீ டி4 1.2. இரண்டும் வரம்புக்குள். "எல்லாம் நார்மல், அடுத்த ஆண்டு வந்தால் போதும்" என்று சொல்லி மருத்துவர் அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் எனக்கு அழுகைதான் வந்தது.

ராஜம் பெரியம்மா, 9:20
நல்ல செய்திதானே மீனா! இதற்கு ஏன் அழ வேண்டும்?

மீனா, 9:27
எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் விடிய விடியக் கண் விழித்தவள் போல இருக்கிறது பெரியம்மா. சீப்பை எடுத்தால் முடி உருண்டையாக வருகிறது. எல்லோரும் மின்விசிறியைத் தேடும்போது எனக்குக் கால்விரல் சில்லிட்டிருக்கிறது. நேற்று பையனின் பள்ளிப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். அவன் பிறந்த ஆண்டு நினைவுக்கு வரவில்லை. பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். மூன்று ஆண்டுகளாக 75 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

ராஜம் பெரியம்மா, 9:31
நானும் இருபது ஆண்டுகளாக அதே மாத்திரைதான் போடுகிறேன். நாற்பது தாண்டினால் உடம்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மனத்தைத் தளரவிடாதே கண்ணு.

சரவணன், 9:40
அத்தை, நானும் ஆறு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு செய்துவிட்டேன். போன வாரம் மாடி ஏறும்போது மீனாவுக்குப் பின்னால் வந்தேன். எட்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள். செருப்பு சரியாகத்தான் இருந்தது. நான் நம்பமாட்டேன் என்று நினைத்து என்னிடமே மறைக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

பாலு, 9:44
75 போதவில்லை என்றால் 100 போட்டுப் பார்க்கலாமே மாப்பிள்ளை?

கயல், 9:46
பாலு அண்ணா, வேண்டவே வேண்டாம். தேவைக்கு மேல் போனால் இதயம் படபடக்கும், துடிப்பு தாறுமாறாகும், நாளடைவில் எலும்பு தேயும். மருத்துவர் சொல்லாமல் அளவை மாற்றக் கூடாது.
அக்கா, கொஞ்சம் நேரம் கொடுங்கள். பணியில் இருக்கிறேன். விரிவாக எழுதுகிறேன்.

கயல், பிற்பகல் 1:05
பதினோரு ஆண்டுகளாக ஆய்வகத்தில் இந்த எண்களைத்தான் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அக்கா சொல்வது கற்பனை இல்லை.
டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் ஆணை அது. தைராய்டு சுரக்கும் ஹார்மோன் (ஃப்ரீ டி4 என்று அளப்பது அதைத்தான்) குறைந்தால் ஆணை உயரும், மிகுந்தால் தாழும். அந்த ஒரு எண், உடம்பின் ஒவ்வொரு திசுவும் எப்படி இருக்கிறது என்று சொல்லாது. ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை என்று தாளில் போடுகிறோமே, அந்த வரம்பு நலமாக உள்ள பலரை அளந்து வகுத்தது. தனி ஒருவருக்கு இயல்பான அளவு அதைவிடக் குறுகிய இடைவெளிக்குள்தான் ஏறி இறங்கும். ஒருவருக்கு 1 பொருந்தும், இன்னொருவருக்கு 3 பொருந்தும்.
மாத்திரை சாப்பிட்டு, டிஎஸ்எச் வரம்புக்குள் வந்த பிறகும் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் நீடிக்கின்றன என்று ஐரோப்பிய தைராய்டு சங்கமே 2012 வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது.

மீனா, 1:09
இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பைத்தியமோ என்று நான் பயந்திருக்கமாட்டேன்.

கயல், 1:11
இப்போது கேள்விகள். மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? அடுத்து வாயில் என்ன போகிறது? வேறு என்ன மாத்திரைகள், வைட்டமின் உட்பட?

மீனா, 1:16
காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில். பத்து நிமிடத்தில் காபி. இரவில் முடி வளர ஒரு மாத்திரை. அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பார்.

கயல், 1:19
பார்த்தேன். பயோட்டின் என்ற வைட்டமின், 10 மில்லிகிராம். அதாவது 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம் அளவுதான்.
இதைக் கவனியுங்கள் எல்லோரும். பல கருவிகளில் பரிசோதனைக்குள்ளேயே பயோட்டினைப் பசை போலப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிதந்தால் அந்தப் பசை பிடிக்காது. டிஎஸ்எச் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4 கூடுதலாகவும் தெரியும். 2017ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் 2.1 உண்மையிலேயே 2.1 தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முடி மாத்திரையை நிறுத்திவிட்டு நான்காம் நாள் மறுபடி ரத்தம் கொடுங்கள்.
காபியையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மருந்து உள்ளே சேர்வதை அது குறைக்கும்.

சரவணன், 1:24
வேறு என்ன கேட்க வேண்டும் கயல்? இந்த முறை நானும் கூடப் போகிறேன்.

கயல், 1:30
நல்லது அத்தான். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டைத் தாக்கும் டிபிஓ எதிர்ப்பொருள். குறட்டையோ தூக்கத்தில் மூச்சுத் திணறலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். களைப்பு என்றவுடன் தைராய்டையே பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறோம். எதிர்ப்பொருளால் தைராய்டு கெட்டவர்களுக்கு பி12 குறைவும் சேர்ந்து வருவதுண்டு.

பதினைந்து நாள் கழித்து

மீனா, மாலை 6:02
முடிவு வந்துவிட்டது. பயோட்டின் இல்லாமல் டிஎஸ்எச் 2.6, ஃப்ரீ டி4 1.1.

பாலு, 6:04
அப்படியானால் மறுபடியும் நார்மல்தானா?

மீனா, 6:10
ஆமாம் அண்ணா, தைராய்டு எண்கள் உண்மையாகவே நார்மல். ஃபெரிட்டின் 8.

கயல், 6:11
எட்டா! மிகக் குறைவு. ஹீமோகுளோபின்?

மீனா, 6:12
12.3, வரம்புக்குள். அதனால்தான் இத்தனை நாள் யாரும் தேடவில்லை.

ராஜம் பெரியம்மா, 6:15
ரத்தம் சரியாக இருந்தால் இரும்புச்சத்தும் சரியாகத்தானே இருக்க வேண்டும்?

கயல், 6:21
இல்லை பெரியம்மா. ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கிடங்கு. இரும்பு குறைந்தால் முதலில் கிடங்கு காலியாகும், ஹீமோகுளோபின் பிறகுதான் இறங்கும். களைப்பு, முடி உதிர்தல், குளிர் தாங்காமை, மூச்சு வாங்குவது எல்லாம் ரத்தசோகை வருவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். தைராய்டு அறிகுறிகளை அப்படியே உரித்து வைத்தாற்போல இருக்கும்.

சரவணன், 6:26
இந்த மருத்துவர் பத்து நிமிடம் கேள்விதான் கேட்டார். ஓராண்டாக மாதவிடாயில் ரத்தப்போக்கு மிகுதியாக இருப்பதை மீனா அங்கேதான் முதல்முறையாகச் சொன்னாள். எனக்கே தெரியாது. மகப்பேறு மருத்துவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பி12 சரி. டிபிஓ எதிர்ப்பொருள் மிகுதி, அதாவது ஹஷிமோட்டோ.

ராஜம் பெரியம்மா, 6:28
அது என்ன புது நோயா?

கயல், 6:30
புதிது இல்லை பெரியம்மா. 1912ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்தது. உடம்பின் காவல் படையே தைராய்டைத் தாக்குவது. அதற்குத்தான் அக்கா ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறார். அக்கா, இரும்பு மாத்திரையை எப்போது போடச் சொன்னார்?

மீனா, 6:33
ஒன்றுவிட்டு ஒரு நாள், இரவில். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார்.

கயல், 6:34
மிகச் சரி.

இரண்டு மாதம் கழித்து

மீனா, காலை 8:10
இன்று பதினான்கு படியையும் நிற்காமல் ஏறினேன். மேலே போன பிறகுதான் அதுவே எனக்கு உறைத்தது.
ஃபெரிட்டின் 31. முடி உதிர்வது கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கால்விரல் இன்னும் சில்லிடுகிறது. மறதி இருக்கிறது, ஆனால் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் நாள் அரிது.

சரவணன், 8:14
தைராய்டு ஹார்மோனின் இன்னொரு வகையான டி3 மாத்திரை (வைட்டமின் இல்லை) சேர்ப்பதைப் பற்றியும் கேட்டேன். மாத்திரையில் இருப்பது டி4, அதை உடம்பு டி3 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும், சிலருக்கு அந்த மாற்றம் போதாமல் இருக்கலாம் என்றார். முதலில் இரும்பு நிரம்பட்டும், மகப்பேறு மருத்துவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம், அதன் பிறகும் களைப்பு நீடித்தால் கண்காணிப்போடு சோதித்துப் பார்க்கலாம் என்றார். கதவைச் சாத்தவில்லை.

கயல், 8:17
அப்படித்தான் செய்ய வேண்டும் அத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எது உதவியது என்றே தெரியாமல் போகும்.

ராஜம் பெரியம்மா, 8:31
கயல், ஒன்று கேட்க வேண்டும். என் மாத்திரைப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்புகிறேன். காலைக் கட்டத்தில் வெள்ளையாகச் சின்னதாக இருப்பது தைராய்டு. பக்கத்தில் பெரிதாக இருப்பது எலும்புக்கான கால்சியம். இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குகிறேன். இதுவும் தவறா?

கயல், 8:35
ஆமாம் பெரியம்மா. கால்சியமும் இரும்பைப் போலவே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை நாளாக இப்படி?

ராஜம் பெரியம்மா, 8:37
நான்கு ஆண்டுகள். கால்சியம் தொடங்கிய பிறகுதான் என் தைராய்டு மாத்திரை அளவை இரண்டு முறை கூட்டினார்கள். எனக்கும் களைப்பு உண்டு. வயதாகிவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

கயல், 8:41
பெரியம்மா, மாற்றுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், முக்கியம். கால்சியத்தைத் தள்ளி வைத்ததும் மருந்து முழுதாக உள்ளே சேரும், இப்போதைய அளவு உங்களுக்கு மிகுதியாகிவிடலாம். மாற்றியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். நடுவில் படபடப்பு வந்தால் காத்திருக்காதீர்கள்.

மீனா, 8:43
பெரியம்மா, நானும் உங்களோடு வருகிறேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வோம். களைப்பையும் எழுதுங்கள்.

ராஜம் பெரியம்மா, 8:46
எழுதுகிறேன். பாலு, மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடு.

பாலு, 8:47
இப்போதே அழைக்கிறேன் அம்மா.