கண் ஆபரேஷன் பார்த்த மகள்: எந்தப் படிப்பில் சேர்க்கலாம்?

வணக்கம். போன மாதம் என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். உள்ளே நடக்கும் ஆபரேஷனை வெளியே காத்திருப்பவர்கள் பார்க்க டிவி வைத்திருந்தார்கள். எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும், செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பிளஸ் டூ படிக்கும் மகள்தான் கண் கொட்டாமல் பார்த்தாள். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத வெட்டு. அதன் வழியே போன கருவி புரையை உடைத்து உறிஞ்சியது. அப்புறம் மடித்துச் செலுத்திய லென்ஸ் உள்ளே போய் விரிந்தது. "பூ மலர்ற மாதிரி இருந்துச்சுப்பா" என்றாள். அன்றிலிருந்து இதே பேச்சுதான்.

டாக்டர்தான் ஆக வேண்டும் என்றில்லை, அந்த தியேட்டருக்குள் இருந்தால் போதும் என்கிறாள். பி.ஆப்டம் படித்தால் பெரும்பாலும் கண் பரிசோதனை, கண்ணாடிப் பக்கம் போய்விடும் என்று நினைக்கிறேன். அதனால் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர், அனஸ்தீசியா (மயக்க மருந்து) டெக்னாலஜி பற்றி யோசிக்கிறோம். தமிழ்நாட்டில் இதற்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன். ஆரம்பச் சம்பளம் எவ்வளவு? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்? தனியார் கல்லூரி என்றால் சேரும் முன் எதை விசாரிக்க வேண்டும்?