சில்வர் ஓக்கில் ஓகி விளிம்பு வெட்டும்போது நார் பிய்கிறது: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரியில் சில்வர் ஓக் மேசைப் பலகைகளுக்கு ரவுட்டர் டேபிளில் (சுழலும் வெட்டுப் பிட் மேலே நீட்டி நிற்கும் மேசை) ஓகி விளிம்பு, அதாவது S போல வளைந்த விளிம்பு, எடுக்கிறோம். பலகை 25 மி.மீ. கனம். பிட் 35 மி.மீ. விட்டம், அரை இஞ்ச் ஷாங்க் (மெஷினில் பிடிக்கும் தண்டு), நுனியில் பேரிங். வேகம் 16,000 ஆர்.பி.எம்.

ஒரே தடவையில் முழு ஆழம் எடுப்பதில்லை. ஃபென்ஸை (பலகை சாய்ந்து நகரும் தடுப்புக்கட்டை) நகர்த்தி நகர்த்திப் படிப்படியாக வெட்டுகிறோம். கடைசி வெட்டு அரை மி.மீ.தான். குறுக்குப் பக்கம் முதலில், பின்னால் தாங்குகட்டை வைத்து. நீளப்பக்கம் அப்புறம், மூலையில் தெறித்திருந்தாலும் அதில் போய்விடும். இதுவரை சிக்கல் இல்லை.

நீளப்பக்கத்தில் நார் திசை மாறும் இடத்தில்தான் சில்லு சில்லாகப் பெயர்கிறது. மற்ற இடத்திலும் பஞ்சு மாதிரி நார் எழும்பி நிற்கிறது, 180 நம்பர் உப்புத்தாளுக்கும் அடங்கவில்லை. ஐப்பசி மழையில் ஈரமானி 17% காட்டுகிறது. 12% உள்ள பலகையில் அதே பிட் சுத்தமாக வெட்டுவதால், ஈர நார் அறுபடாமல் மடங்குகிறது என்றே நினைக்கிறோம்.

நார் பிய்யாமல் இருக்க, பிட் சுழலும் திசையிலேயே இடமிருந்து வலமாகத் தள்ளச் சொல்லாதீர்கள். பிட் பலகையைக் கவ்வி இழுத்துவிடும், கையோடு.

கேட்பது இவைதான்: சூளை இல்லாமல் மலையில் மழைக்காலத்தில் 12% வரை உலர்த்துவது எப்படி? கடைசி வெட்டுக்கு முன் ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசினால் நார் இறுகுமா? கார்பைட் பிட்டை, வளைவு மாறாமல் தட்டை முகத்தில் மட்டும் சாணை பிடிப்பவர்கள் குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கிறார்களா?