புதுப்பிப்பு: அம்மாவுடன் சென்னையில் இரண்டு நாள், போய் வந்தாச்சு

கோவையிலிருந்து அம்மாவோடு வெள்ளி, சனி சென்னை போகிறேன், எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதலில் மயிலாப்பூர், வெயில் ஏறும் முன்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கபாலீசுவரர் கோயிலில் நண்பகல் நடை சாத்திவிடுவார்கள். காலை ஏழுக்கே போனதால் நிதானமான தரிசனம். அப்புறம் சாந்தோம் பேராலயம் வரை நடந்தோம்.

எதிர்பாராதது: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அப்படியே. சரி என்று எழும்பூரை மட்டும் சனிக்கு மாற்றினோம். சோழர் வெண்கலச் சிலைகளை விட்டு அம்மா நகரவே இல்லை.

சனி மாலை பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டோம். நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் சேர்த்துக் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தந்தார். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார்.