மணிவிழா – குடும்பக் குழு

சேகர் சித்தப்பா: அழைப்பிதழ் மாதிரி வந்தது. ஜூன் 9 என்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை!

கோமதி அத்தை: அண்ணன் பிறந்தது பராபவ ஆவணி. வைகாசியில் யாருக்கு மணிவிழா?

கீதா: என் பட்டியலில் 06/09/2026. செப்டம்பர் 6, ஞாயிறு. திருக்கடையூரிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

முரளி (டல்லாஸ்): தவறு என் கணினியில். விளக்குகிறேன்.

சேகர் சித்தப்பா: விளக்காதே. திருத்து.

முரளி: கீதா அனுப்பியது சிஎஸ்வி கோப்பு, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல். அதில் தேதி வெறும் எழுத்துதான். எது நாள், எது மாதம் என்பதை எக்செல் தானாக முடிவு செய்வதில்லை. விண்டோஸின் வட்டார அமைப்பைப் பார்க்கிறது. என் கணினியில் அமெரிக்கா, அதாவது மாதம் முதலில். என் மனைவியின் மேக் கணினியில் வட்டாரம் இந்தியா. அதே கோப்பை அதில் திறந்தால் செப்டம்பர்தான் வருகிறது.

கோமதி அத்தை: ஒரே வீட்டில் இரண்டு பஞ்சாங்கம்.

அம்மா: முரளி சாப்பிட்டாயா?

கீதா: அண்ணா, மண்டபப் பாக்கி 20/08 மட்டும் எப்படித் தப்பியது?

முரளி: இருபதாவது மாதம் கிடையாதே! அதை எக்செல் தேதியாகவே எடுக்கவில்லை, எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கிவிட்டது. 12-க்குள் இருப்பவைதான் சத்தமில்லாமல் புரண்டுவிட்டன. எக்செல் கோப்பாகவே அனுப்பியிருந்தால் செப்டம்பர் 6 உள்ளே 46271 என்ற எண்ணாக இருந்திருக்கும். எந்த ஊரில் திறந்தாலும் அதே நாள்.

கோமதி அத்தை: 46271 என்ன, மண்டப வாடகையா?

கீதா: 😂

சேகர் சித்தப்பா: அப்படியானால் சமையல்காரர் முன்பணம் 05/08?

முரளி: மே 8 அன்றே அனுப்பிவிட்டேன்.

சேகர் சித்தப்பா: அதனால்தான் அவர் என்னிடம், “என்ன சார், இவ்வளவு அவசரம்?” என்றார். நானும் உங்கள் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

அம்மா: போன பணம் போகட்டும். அவர் பாதுஷா செய்வாரா?

கோமதி அத்தை: பாதுஷா வேண்டாம். கீதா கல்யாணத்தில் கல் மாதிரி இருந்தது.

கீதா: அத்தை, அது ஜாங்கிரி.

முரளி: இனி எல்லோரும் 2026-09-06 என்று எழுதுங்கள். ஆண்டு, மாதம், நாள். குழப்பமே வராது.

கோமதி அத்தை: ஆவணி ஞாயிறு என்று எழுதினாலும் வராது.

சேகர் சித்தப்பா: அழைப்பிதழில் என் பெயர் எங்கே?

முரளி: பட்டியலில் இருந்ததே?

சேகர் சித்தப்பா: இதற்கும் விண்டோஸ்தான் காரணமா?

அம்மா: சேகர், நான் போனில் பேசுகிறேன்.

கீதா: அச்சகத்தில் மாலை ஆறு மணிக்குள் கேட்கிறார்கள். யார் சொல்வது?

முரளி: எந்த ஊர் ஆறு மணி?