புதுப்பிப்பு: ஊசல் அட்டவணையில் ஒளிந்திருந்த பிழை

போன வாரம் கேட்டிருந்தேன்: தனி ஊசலின் நீளத்தைக் கூட்டக் கூட்ட, கணக்கிடும் புவியீர்ப்பு முடுக்கமும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? எல்லா நீளத்துக்கும் ஒரே மதிப்பு வர வேண்டும், ஆனால் 0.2 மீட்டருக்கு 9.29 மீ/வி², 1 மீட்டருக்கு 9.65 மீ/வி² வந்தது. காரணம் கிடைத்துவிட்டது.

"நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தை (ஒருமுறை போய்வர ஆகும் நேரம்) வரையாதீர்கள், அதன் வர்க்கத்தை வரையுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். வரைந்தேன். வளைந்து கிடந்த கோடு நேரானது. ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. செங்குத்து அச்சை 0.04-இல் வெட்டியது. அந்தச் சின்ன இடைவெளிதான் துப்பு. நான் நூலை மட்டுமே அளந்திருக்கிறேன், அதில் தொங்கும் குண்டின் மையம் வரை அளக்கவில்லை. குண்டின் விட்டம் 2 செ.மீ. ஆக, எல்லா நீளத்திலும் 1 செ.மீ. குறைவு. குட்டை ஊசலில் அது பெரிய பங்கு, நீண்டதில் சிறியது. அதனால்தான் அந்த ஏற்றம். சராசரி எடுத்து முடித்திருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது. கோட்டின் சாய்வு 4.05, அதிலிருந்து முடுக்கம் 9.75. சாய்வை இந்தப் பிழை தொடவே இல்லை என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்காம் 1973-இல் காட்டிய நான்கு தரவுத் தொகுதிகள் நினைவுக்கு வந்தன. சராசரியும் பொருத்தக் கோடும் கிட்டத்தட்ட ஒன்றே, வரைந்தால் நான்கும் நான்கு உருவம்.

அட்டவணையையும் திருத்தினேன். அலகுகள் தலைப்பில் மட்டும். 20 அலைவுகளின் நேரம் அளந்தபடியே தனி நெடுவரிசையில். வரைபடத்தில் புள்ளிக்குப் புள்ளி இழுத்த கோடுகளை அழித்துவிட்டேன். பிழைப்பட்டைகள் (ஒவ்வொரு அளவீடும் எவ்வளவு விலகலாம் என்று காட்டும் சிறு கோடுகள்) மட்டும் பாக்கி. ஒவ்வொரு நீளத்துக்கும் இன்னும் இரண்டு முறை அளந்துவிட்டுச் சேர்க்கிறேன்.