நோன்பு ராத்திரிக்குச் சூடான ஆரஞ்சுப் பானகம்: சொதப்பியவர்களும் ஜெயித்தவர்களும் சொல்லுங்கள்

பள்ளத்தூர் பேத்தி:

செட்டிநாட்டுப் பக்கம் கும்பிடுகிற பிள்ளையார் நோன்புக்கு இந்தத் தடவை எங்கள் வீட்டில் 40 பேர். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி வருகிற நோன்பு என்பதால் பெரும்பாலும் மார்கழிக் குளிரில்தான் வரும். வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம், திறந்தவெளி. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் ஆத்தங்குடித் தரையில் கால் வைத்தால் உச்சி வரைக்கும் சில்லென்று ஏறுகிறது. திரிச் சுடரை மாவோடு வாயில் போட்டு இழை எடுத்து முடித்ததும் எல்லாருக்கும் சூடாக ஏதாவது கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் காபிதானே, இந்த முறை வேறு ஏதாவது செய்வோம் என்று ஆசைப்பட்டேன்.

யோசனை லண்டனிலிருந்து வந்திருந்த என் தம்பி பெண்டாட்டியுடையது. அங்கே டிசம்பர் விருந்துகளில் ஆப்பிள் சாற்றிலோ ஒயினிலோ ஆரஞ்சு வில்லை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுச் சூடாக்கிக் கொடுப்பார்களாம். நமக்கு ஒயின் ஆகாது. ஆப்பிள் விலை கட்டுப்படியாகாது. சந்தையில் நாக்பூர் ஆரஞ்சு குவிந்து கிடக்கிறதே, அதிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

எட்டுப் பழத்தைத் தோலோடு வட்ட வட்டமாக நறுக்கி, தண்ணீரில் பட்டை கிராம்போடு போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். வாசனை இரண்டாம் கட்டைத் தாண்டி முகப்பு வரைக்கும் போனது. ஒரு டம்ளர் ஆற்றி அப்பத்தாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, விழுங்காமல் எழுந்து போய் முற்றத்தில் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "நிலவேம்பா ஆத்தா?"

அப்படி ஒரு கசப்பு. அப்பத்தாதான் அப்புறம் அடுப்படியில் மணையைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். ஒரு தோலை எடுத்து, கத்தியைப் படுக்கவைத்து உள்பக்கத்து வெள்ளைச் சதையை வழித்துக் காட்டினார். வழித்து முடித்ததும் தோல் வெற்றிலை மாதிரி மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் பொட்டுகள் தெரிந்தன. அதை மடித்துப் பிழிந்தபோது அடுப்பு நெருப்பில் பொறி பறந்தது. "மணம் இதுல இருக்கு, கசப்பு அதுல இருக்கு. நெருப்பு சரக்குக்கும் வெல்லத்துக்கும்தான். பழத்துக்கு எதுக்கு நெருப்பு? பானகத்துல எலுமிச்சம்பழத்தைப் போட்டா கொதிக்க வைக்கிறோம்?"

அவ்வளவுதான் விஷயம். இரண்டாவது தடவை செய்த கணக்கு: மூன்று லிட்டர் தண்ணீரில் 600 கிராம் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டினேன். அதில் விரல் நீளப் பட்டை நான்கு, கிராம்பு 15, ஏலக்காய் 15, இரண்டு கட்டை விரல் அளவு சுக்கைத் தட்டிப் போட்டு, சிறு தீயில் 20 நிமிஷம். சதை வழித்த தோல் ஐந்தாறு மட்டும் கடைசி ஐந்து நிமிஷத்தில். அடுப்பை அணைத்து, சரக்கையும் தோலையும் அரித்தெடுத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் 40 ஆரஞ்சின் சாறும் 10 எலுமிச்சம்பழச் சாறும். ஆரஞ்சுச் சாறு மட்டும் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஒரு சிட்டிகை உப்பு. சாறு ஊற்றியதும் சூடு இறங்கிவிடுகிறது. அதனால் வெல்லத் தண்ணீர் நல்ல கொதியில் இருக்கும்போது அணைத்து, சாற்றை உடனே ஊற்ற வேண்டும். வாய் பொறுக்கும் சூட்டில் பரிமாறலாம். சாற்றை மிக்ஸியில் அடிக்காதீர்கள், கொட்டை உடைந்தால் அதுவும் கசக்கும். கையால் பிழிய மூன்று பேர் உட்கார்ந்தோம், அரட்டையில் நேரம் போனதே தெரியவில்லை.

இன்னொரு கூத்து. அப்பத்தா உள்ளேயிருந்து "சரக்கு நல்லா கொதிக்கட்டும்" என்று சத்தமாகச் சொன்னது பட்டாலையில் இருந்த பெரியப்பச்சி காதில் விழுந்திருக்கிறது. இழை எடுக்கிற நேரம். 21 நூலில் திரித்த திரியை மாவில் வைத்து, ஏற்றிய சுடரோடு வாயில் போட்டுக்கொண்டு எல்லாரும் வரிசையாக வருகிறார்கள். சின்னவன் ஒருத்தனுக்குப் புரையேறிவிட்டது. அவனுக்குத்தான் முதல் டம்ளர். அதைப் பெரியப்பச்சி பிடுங்கி மோந்து பார்த்துவிட்டு, "பிள்ளையார் முன்னால என்னத்தைக் கலக்கி வச்சிருக்கீக?" என்றார். கிராம்பும் பட்டையும் சூட்டில் சேர்ந்தால் அந்த வாடை வருவது நிஜம்தான். அடுப்படிக்குக் கூட்டிப்போய் அரித்தெடுத்த சக்கையைக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். கருப்பட்டிப் பணியாரத்துக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரி மூன்று டம்ளர் குடித்தவரும் அவர்தான்.

தேவகோட்டைக்காரன்:

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு. கேரல் பாட வருகிற பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு வர ராத்திரி 11 மணி ஆகும். தொண்டை கட்டிப்போய் வருவார்கள். போன வருஷம் நானும் இதே மாதிரி ஒன்று செய்து, சாயந்திரம் ஆறு மணிக்கே தோலோடு பெரிய ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவைத்தேன். ஊற்றும்போது தேன் மாதிரி இருந்தது. 11 மணிக்குத் திறந்தால் கசப்பு. பிள்ளைகள் மரியாதைக்காகக் குடித்தார்கள். ஒருத்தன் மட்டும் செம்பருத்திச் செடிக்கு ஊற்றியதை நான் பார்த்துவிட்டேன். அப்போது தோல் மட்டுமே காரணமா? இந்த வருஷம் தோலே போடாமல் சாறு மட்டும் வைத்தேன், அப்பவும் லேசாகக் கசந்தது.

காரைக்குடி – ஓய்வு:

தேவகோட்டைத் தம்பிக்கு. பழச்சாறு ஆலையில் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். தோல் பாதிதான். மீதிக்கு லிமோனின் என்று பெயர். முழுப் பழத்தில் அது கசப்பில்லாத வேறொரு உருவத்தில் இருக்கும். பிழிந்ததும் புளிப்போடு சேர்ந்து மெல்ல மெல்லக் கசப்பாக மாறும். அதனால்தான் பிழிந்தவுடன் இனிக்கிற சாறு சில மணி நேரத்தில் கசக்கிறது. சூடு அதை வேகப்படுத்தும். நீங்கள் செய்தது சூட்டையும் கொடுத்து, ஐந்து மணி நேரமும் கொடுத்தது. வெல்லத் தண்ணீரை ஃபிளாஸ்க்கில் வையுங்கள், ராத்திரி வரைக்கும் தாங்கும். பிள்ளைகள் தெருமுனையில் பாடும் சத்தம் கேட்டதும் பழத்தைப் பிழியுங்கள்.

கோட்டையூர் மருமகள்:

அப்பத்தா சொன்னதில் பாத்திரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நான் சொல்கிறேன், பட்டவள்.

கல்யாணமாகி வந்த முதல் மார்கழி. கூட்டம் பெரிது என்று அறையைத் திறந்து, மாமியாருக்குச் சீராக வந்த பித்தளை அண்டாவை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக்கினேன். எலுமிச்சம்பழப் பானகம், 60 பேருக்கு. உள்ளே ஈயப்பூச்சு எப்பவோ தேய்ந்து போயிருந்தது, எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மொண்டால் நாக்கில் காசை வைத்த மாதிரி ஒரு வாடை. மாமியார் திட்டவில்லை. மொத்தத்தையும் கொட்டச் சொல்லிவிட்டு, "ஈயம் பூசுறவரைத் தேடிப் பிடிக்கிறதே இப்பக் கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அலுமினியமும் ஆகாது. எவர்சில்வர் தேக்சா, இல்லாவிட்டால் ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடி. புளிப்பு எதிலெல்லாம் தங்குகிறதோ அதில் மட்டும்.

கிராம்பு விஷயத்திலும் ஜாக்கிரதை. ஒரு தடவை கைப்பிடி போட்டு எல்லாருக்கும் நாக்கு மரத்து, பணியாரத்துக்கு உப்பு இருக்கிறதா என்றே சொல்ல ஆளில்லை.

கானாடுகாத்தான் வாசி:

அப்பச்சிக்குச் சர்க்கரை. அவருக்கு வெல்லம் போடாமல், சரக்குத் தண்ணீரில் எலுமிச்சையும் உப்பும் மட்டும். ரசம் மாதிரி இருக்கிறது என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பள்ளத்தூர் பேத்தி:

அண்டா கதை படித்ததும் எங்கள் அறையில் இருப்பதையும் போய்ப் பார்த்தேன். அதே கதிதான், உள்ளே அங்கங்கே மஞ்சள் தெரிகிறது. நல்ல வேளை, கனம் தூக்க முடியாமல் தேக்சாவில் செய்தேன்.

பெரியப்பச்சி இப்போது கட்சி மாறிவிட்டார். பொங்கலுக்கும் இதைச் செய்ய வேண்டுமாம், அதுவும் கொல்லையில் காய்த்திருக்கிற நாரத்தங்காயில். யாராவது செய்து பார்த்ததுண்டா?

கோட்டையூர் மருமகள்:

சாறு எலுமிச்சை மாதிரிதான் புளிக்கும், வெல்லம் கூடுதலாக இழுக்கும். தோலை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், அது உப்பில் கிடக்கவே பிறந்தது. ஆனால் மரம் இருக்கிறது என்றால் இலையை விடாதீர்கள். கொழுந்தாக நான்கு இலை கிள்ளி, நரம்பை உருவிவிட்டு, அடுப்பை அணைத்ததும் வெல்லத் தண்ணீரில் போட்டு, 20 வரை எண்ணி எடுத்துவிடுங்கள். நான் எண்ணிக்கொண்டே இருக்கும்போது வாசலில் ஆள் வந்து பேச்சுக் கொடுத்து, ஒரு தடவை மறந்தேன். அந்தப் பானையும் சாக்கடைக்குத்தான்.